பவுடர் டப்பா பையனுக்கு, டீயும் ரஸ்கும் உங்களுக்கா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறான். எடை 60 கிலோ. ஆறு மாதமாக ஜிம்முக்குப் போகிறான். மாஸ்டர் சொன்னாரென்று மாதம் 3,200 ரூபாய்க்குப் புரோட்டீன் பவுடர் வாங்கித் தருகிறேன். இந்த மாதம் சீட்டுப் பணத்தில் கை வைத்துத்தான் வாங்கினேன். பவுடர் கிட்னியைக் கெடுத்துவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடவா, இதைவிட நல்ல பிராண்டாக வாங்கவா? விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் எனக்கு வேலை. விடியக்காலையில் அவனுக்குச் சமைத்து வைத்துவிட்டு ஓடுவேன். எனக்கென்ன, ஒரு டீ, ரெண்டு ரஸ்க் போதும். பதினோரு மணிக்கு இன்னொரு டீ, மதியம் ரெண்டு மணிக்குத் தயிர்சாதம், ராத்திரி ஒன்பதரைக்கு ரசம் சோறு. இப்போதெல்லாம் கடை மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. 44 வயதாகிவிட்டதே!
- செல்லூரிலிருந்து ஒரு தாய்

பதில்: கிட்னி கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். சிறுநீரகம் நன்றாக இருக்கும் பையனை ஒரு நாளைக்கு ஒரு கரண்டி பவுடர் கெடுத்துவிடாது. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள்தான் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. டப்பாவைத் திருப்பி, ஒரு கரண்டியில் எத்தனை கிராம் புரதம் என்று பாருங்கள். 24 கிராம் அளவில் இருந்தால் சரி. 'மாஸ் கெயினர்' என்று போட்டிருந்தால் அதில் பெரும்பகுதி மாவுச்சத்துதான். அந்த மாவுச்சத்து உங்கள் வீட்டு அரிசிப் பானையிலேயே இருக்கிறது.

என்னைக் கோபப்படுத்தியது வேறு வரி. 'எனக்கென்ன, ஒரு டீ, ரெண்டு ரஸ்க் போதும்.' ஏம்மா, போதும் என்று யார் கணக்குப் போட்டது?

நான் போட்டுப் பார்த்தேன். இரண்டு டீயில் இருக்கும் பாலில் 3 கிராம் புரதம், ரஸ்க்கில் 2. மதியச் சோறு 100 கிராம் அரிசி என்று வைத்தால் 7, தயிரில் 3. ராத்திரிச் சோற்றில் இன்னொரு 7, ரசத்தில் 1. மொத்தம் 23 கிராம். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது பெரியவர்களுக்குச் சொல்லப்படும் அளவு. உங்கள் எடை 50 கிலோ என்றாலும் தினம் 42 கிராம் வேண்டும். நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் நீங்கள் பாதியில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

ராத்திரி ஒன்பதரைக்கும் மறுநாள் மதியம் ரெண்டுக்கும் நடுவில் பதினாறரை மணி நேரம், இடையில் அந்த டீயும் ரஸ்கும் மட்டும்தான். மூளைக்கு மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரை தேவை. கல்லீரல் சேர்த்து வைத்திருப்பதோ 100 கிராம் அளவுதான், அதில் ஒரு நல்ல பங்கு விடிவதற்குள் கரைந்துவிடும். மற்ற உறுப்புகள் கொழுப்பை எரித்துச் சமாளிக்கும். ஆனால் கொழுப்பிலிருந்து சர்க்கரையை அவ்வளவாகச் செய்ய முடியாது. அதனால் உடம்பு தசையில் இருக்கும் புரதத்தைப் பிரித்துச் சர்க்கரையாக்குகிறது. விரதம் இருப்பவர்களுக்கும் இதுதான் நடக்கிறது, ஆனால் அவர்கள் அடுத்த வேளையில் பருப்பும் பாலுமாகத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். நீங்கள் போடுவதில்லை. மகன் உடம்பில் தசை ஏற வேண்டுமென்று சீட்டுப் பணத்தை உடைக்கிறீர்கள், உங்கள் தசையை டீயில் கரைக்கிறீர்கள். நாற்பதுக்கு மேல் தசை தானாகவே குறையத் தொடங்கும் வயது வேறு.

இதற்குத் தாய்ப்பாசம் என்று பேர் வைக்காதீர்கள். ஏரில் பூட்டும் மாட்டுக்குக்கூட முதலில் தீவனம் வைத்துவிட்டுத்தான் பூட்டுவார்கள். சம்பாதித்துப் போடும் மனுஷிக்கு வீட்டில் கடைசித் தட்டு என்பது எந்த ஊர் நியாயம்? சாம்பார் ஊற்றும்போது கவனியுங்கள். அடியில் மண்டிய பருப்பைக் கிண்டி அவன் தட்டில் விட்டுவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரைத்தான் உங்களுக்கு ஊற்றிக்கொள்வீர்கள். புரதம் இருப்பது அந்த அடிப் பருப்பில். 30 கிராம் துவரம்பருப்பில் 6 கிராமுக்கு மேல் இருக்கிறது.

அவனுக்குப் பவுடர் இல்லாமல் நடக்குமா? நடக்கும். எடை தூக்குபவனுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் அவனுக்கு 95 கிராம் அளவு வேண்டும். மூன்று வேளைச் சோறு, இட்லியில் 300 கிராம் அரிசி போனால் 22 கிராம். 40 கிராம் பருப்பில் 9, பாலும் தயிருமாக 300 மில்லியில் 10, மூன்று முட்டையில் 18, ஊறவைத்து அவித்த கொண்டைக்கடலை (காய்ந்ததில் 50 கிராம்) 10, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. இதுவே 76 ஆகிவிட்டது. மீதிக்கு 40 கிராம் மீல் மேக்கர், அதில் 20. கறி எடுக்கும் நாளில் எலும்பில்லாத கோழி 100 கிராம் அந்த இடத்தை நிரப்பும். தேவைக்கு மேல் தின்னும் புரதம் தசையாகிவிடாது. கல்லீரல் அதிலுள்ள நைட்ரஜனைப் பிரித்து யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும், மிச்சம் எரியும், அல்லது கொழுப்பாகும். ஆகவே இருக்கும் டப்பாவை முடிக்கட்டும், அடுத்தது வேண்டாம்.

இனி கடலையை ஊறப்போடுவதும் முட்டை அவிப்பதும் அவன் வேலை. நூறு கிலோவைத் தூக்குவதற்கு ஜிம்மில் பழகுகிறவனுக்குக் குக்கரை அடுப்பில் ஏற்றுவது பெரிய விஷயமில்லை. ராத்திரி படுக்கப் போகும்முன் இருவருக்குமாக 100 கிராம் கடலையை ஊறவைக்கட்டும். காலையில் உப்புப் போட்டு நாலைந்து விசில். நாலைந்து முட்டையைத் தண்ணீரில் போட்டு, கொதி வந்தபின் பத்து நிமிடம். ஏழு மணிக்கு இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் கடலையும் அம்மா தட்டில் வைத்துவிட்டுத்தான் அவன் சாப்பிட வேண்டும். பெற்றவளைப் பட்டினி போட்டு வளர்த்த உடம்பில் என்ன பெருமை இருக்கிறது? இந்தப் பத்தியை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். காலையில் அந்தத் தட்டு ஒன்றிலேயே உங்களுக்கு 22 கிராம் வந்துவிடும்.

மூச்சு வாங்குவதை வயதின் மேல் போடாதீர்கள். 44 ஒரு வயதா? மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்று நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2020-இல் சொல்லியிருக்கிறது, ஆணுக்கு 19 தான். தயிர்சாதமும் ரஸ்கும் அதன் பக்கத்தில்கூட வராது. வருகிற கொஞ்சத்தையும் சாப்பாட்டோடு குடிக்கும் டீ உறிஞ்சவிடாமல் தடுக்கும். டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். முருங்கைக்கீரை சமைத்தால் கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள், கீரையின் இரும்பை உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்ளும். கறி சாப்பிடும் வீடென்றால் ஞாயிற்றுக்கிழமை கடையில் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், கேளுங்கள். மிளகு போட்டு வறுத்து நீங்கள் சாப்பிடுங்கள், மகனுக்கு எடுத்து வைக்க வேண்டாம்.

அதற்கு முன்னால், இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தமும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 8-க்குக் கீழே என்றாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் டானிக் கேட்டு வாங்காதீர்கள். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறதா என்பதைக் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். எண் 12-ஐத் தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள். உடம்பில் இரும்பு இருப்பு நிரம்ப அதற்கு மேலும் மூன்று மாதம் போல ஆகும், அதுவரை டாக்டர் சொல்கிறபடி தொடருங்கள்.