பழைய லேண்ட் குரூசரைக் காட்டுப் பயணத்துக்குத் தயார் செய்ய முதலில் எதை வாங்க வேண்டும்?

நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் ஒன்றைக்கூட முதல் வருஷம் வாங்காதீர்கள். டொயோட்டாவின் 80 சீரிஸ் லேண்ட் குரூசர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள், 4 இஞ்ச் லிஃப்ட் (வண்டியின் உடம்பை உயர்த்துவது), 35 இஞ்ச் டயர், இரும்பு பம்பர், விஞ்ச் (மாட்டிக்கொண்ட வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் மோட்டார்), கூரைக் கூடாரம், இதில் எதை முதலில் போடலாம், செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்கிறீர்கள். இதே கேள்வியை என் தங்கை வீட்டுக்காரரும் கேட்டார், நான் சொன்ன பதில் பிடிக்காமல் கொஞ்ச நாள் பேசவே இல்லை. அதனால் உங்களுக்கும் பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை.

நீங்கள் மலேசியாவில், கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கோ அடுக்குமாடியில் இருக்கிறீர்கள், ராத்திரியில் ஆஸ்திரேலியாக்காரர்களின் வீடியோ பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அவர்கள் ஓட்டுவது பெரும்பாலும் காய்ந்த மண்ணும் கல்லும். நமக்கு வாய்த்தது செம்மண் களி, ஆறு, சாயங்காலம் தவறாமல் பிடித்துக்கொள்ளும் மழை. அங்கே சரியாக வரும் கணக்கு இங்கே வராது.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1990-இல் வந்த 80 சீரிஸுக்கு முன்னாலும் பின்னாலும் முழு அச்சு (இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒரே இரும்புத் தண்டாகச் சேர்ப்பது), நாலு பக்கமும் சுருள் ஸ்பிரிங். அடுத்து 1998-இல் வந்த 100 சீரிஸில் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், சாலையில் அதுதான் சுகம், குடும்பத்தோடு பாலிக் கம்போங் (சொந்த ஊர்ப் பயணம்) போக அதை வாங்குங்கள் என்றுதான் நானும் சொல்வேன். காட்டுக்கு என் ஓட்டு 80-க்குத்தான். பாட்ரோல் வைத்திருப்பவர்கள், பஜேரோ வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் வண்டியும் நல்ல வண்டிதான், கேட்டவர் லேண்ட் குரூசரைக் கேட்டார், நான் ஓட்டுவதும் அதுதான். "ஹைலக்ஸ் போதுமே" என்று எழுதப் போகிறவருக்கும் ஒரு வார்த்தை: போதும்தான், ஆனால் கேள்வி அதுவல்ல.

என் அப்பா பேராக்கில் தோட்டத்து லோரி ஓட்டினார். செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு மழையில் மேடு ஏறுகிற வேலை. நான் இந்த வண்டியை வாங்கப் போனபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். விற்பவர் பானெட்டைத் திறந்து எஞ்சினைக் காட்டிக்கொண்டிருந்தார், அப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "டேய், அட்டையைப் போட்டுக் கீழே படு, முன் சக்கரத்துக்கு உள்பக்கம் பாரு" என்றார். பார்த்தேன். முன் அச்சின் இரண்டு முனையிலும் பந்து மாதிரி உருண்டையாக ஒரு இரும்புக் கூடு இருக்கும், அதற்குள்தான் சக்கரம் ஒடியும்போதும் அதைச் சுழற்றுகிற பர்ஃபீல்ட் ஜாயிண்ட் கிரீஸில் உட்கார்ந்திருக்கும். உருண்டையின் மேல் மெல்லிசாகக் கிரீஸ் பூசின மாதிரி இருந்தால் சரி. இதில் தண்ணியாக எண்ணெய் இறங்கி டயரின் உள்சுவர் வரை நனைத்திருந்தது. உள்ளே இருக்கும் ஆயில் சீல் போய்விட்டால் டிஃப்ரன்ஷியல் (அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரக் குடம்) எண்ணெய் வெளியே வந்து கிரீஸைக் கரைத்துவிடும், கரைந்தது அப்படித்தான் வழியும். காட்டுவதற்கு முன்னால் கழுவித் துடைத்து வைக்கிற விற்பனையாளர்கள் உண்டு, அதனால் ஓட்டிவிட்டு வந்து இன்னொரு தடவை படுத்துப் பாருங்கள். காலியான இடத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள், முன்சக்கரத்தில் டக் டக் என்று சத்தம் வந்தால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது.

இதைச் சொல்லியே விலையைக் குறைத்து வாங்கினோம். வாங்கிய கையோடு சுங்கை பூலோ பக்கம் ஒரு பட்டறையில் விட்டு இரண்டு பக்கமும் கழற்றச் சொன்னேன், நானும் கூடவே நின்றேன். உள்ளே இருந்தது கிரீஸே இல்லை, கறுப்புக் குழம்பு. மண்ணெண்ணெயில் கழுவியெடுத்தபின் ஃபோர்மேன், சக்கரம் திரும்புவதற்காக அந்தக் கூட்டில் இருக்கும் பேரிங்கின் கிண்ணத்தை என் கையில் கொடுத்து நகத்தை ஓட்டச் சொன்னார். வழவழவென்று இருக்க வேண்டிய இடத்தில் வரிவரியாகப் பள்ளம் தட்டுப்பட்டது. முன்பக்கம் முழு அச்சு உள்ள வண்டிகளில் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நிறையப் பேர் இதைக் கவனிக்காமல் ஸ்டியரிங் டாம்பரை (ஆட்டத்தை அடக்குகிற தண்டை) மாற்றிவிட்டு ஆட்டம் நின்றுவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் பேரிங், சீல், புதுக் கிரீஸ் எல்லாம் மாற்றியது. அந்தச் செலவைக் கேட்ட நண்பர்கள், இந்தக் காசுக்கு லிஃப்ட் போட்டிருக்கலாமே என்றார்கள். நான் போடவில்லை. லிஃப்ட் இல்லாத என் வண்டிக்கு "தாத்தா காடி" என்று பெயரும் வைத்தார்கள்.

அப்புறம் செய்தது பிரீதர். இது அதிகச் செலவு வைக்காத வேலை, ஆனால் நம் ஊருக்கு இதைவிட முக்கியமானது ஒன்றுமில்லை என்று அடித்துச் சொல்வேன். அச்சு சூடானால் உள்ளே இருக்கும் காற்று விரியும், வெளியேற மேலே ஒரு சின்ன மூடி இருக்கும், அதுதான் பிரீதர். ரொம்ப நேரம் ஓடிச் சூடான அச்சோடு குளிர்ந்த ஆற்றில் இறங்கினால் காற்று சட்டென்று சுருங்கும், சுருங்கும்போது வெளியே இருப்பதை இழுக்கும். அச்சு அப்போது தண்ணீருக்குள் இருக்கிறது, எதை இழுக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முன் அச்சு, பின் அச்சு, கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) எல்லாவற்றுக்கும் ரப்பர் குழாய் போட்டு எஞ்சின் அறையின் மேல்மட்டம் வரை கொண்டுபோய் முடித்துவிட்டால் தீர்ந்தது.

நம்பாதவர்களுக்காக ஒரு பயணத்தைச் சொல்கிறேன். மழைக்காலம் முடிகிற நேரம், ரவூப், கோல லிப்பிஸ் வழியாகக் குவா மூசாங் போய், அங்கிருந்து கோல பெத்திஸ் பக்கம் பாலாக் (வெட்டுமரம்) லோரிப் பாதையில் உள்ளே போனோம். ஓராங் அஸ்லி (பூர்வகுடி மக்கள்) கிராமம் ஒன்றுக்கு அரிசி, பள்ளிக்கூடச் சாமான்கள் கொண்டுபோகிற குழு. எங்களோடு வந்த ஒருவருடைய வண்டியும் 80 சீரிஸ்தான், நீங்கள் எழுதியிருக்கிற பட்டியல் அப்படியே அதில் இருந்தது, போதாததற்குக் கூரை மேல் நீள விளக்கும். நல்ல மனிதர், நல்ல ஓட்டுநரும்கூட, அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பாதையில் ஒரு ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது, தண்ணீர் சக்கரத்தின் நடுவுக்கு மேல். நான் முன்பக்கக் கிரில்லை மூடி கான்வாஸ் துணி ஒன்றைக் கட்டினேன். அது எதற்கென்றால் தண்ணீர் நேராக ரேடியேட்டர் ஃபேனில் அடித்தால் இறக்கைகள் வளைந்து ரேடியேட்டரையே கிழித்துவிடும். மெதுவாக, நிற்காமல் கடந்தேன். அவரும் கடந்தார், என்னைவிட அழகாகவே.

அன்று சாயங்காலம் முகாம் போட்டபின் நான் வழக்கம்போல் அச்சு எண்ணெயின் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அவருடையதைத் திறந்தால் தண்ணீர் கலந்து தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வழிந்தது. முன்னும் பின்னும் அதே கதை. அப்படியே ஓட்டினால் பேரிங்கும் பல்லும் போய்விடும், அந்த இடத்திலிருந்து கட்டி இழுத்துக்கொண்டு வருவது நடக்கிற காரியமில்லை. என் வண்டியில் 80டபிள்யூ-90 கியர் ஆயில் எப்போதும் இருக்கும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மழையில், தார்ப்பாய்க்கு அடியில் படுத்து இரண்டு அச்சின் எண்ணெயையும் வடித்து மாற்றினோம், வடித்ததை டின்னில் பிடித்துப் பட்டணத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தோம். மறுநாள் அவர் வண்டியும் எங்களோடு சேர்ந்து கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வழியில் ஒரு களிமண் மேட்டில் இரண்டு வண்டிகளை இழுத்துவிட்டது என் தாத்தா காடி. அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. இதில் எனக்குப் பெருமைதான், மறைக்க ஒன்றுமில்லை.

நான் மெக்கானிக் இல்லை, அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். "லிஃப்ட் போடாமல் காட்டில் அடி தட்டாதா" என்று கேட்பார்கள் என்று தெரியும். தட்டும். அதனால் பிறகு நானும் 2 இஞ்ச் போட்டேன். ஆனால் எண்ணைப் பாருங்கள்: லிஃப்ட் உடம்பைத்தான் தூக்கும், டிஃப்ரன்ஷியல் குடத்தைத் தூக்காது. அதைத் தூக்குவது டயர் மட்டும்தான். 275/70 ஆர்16-இலிருந்து 285/75 ஆர்16-க்குப் போனால் குடம் சுமார் 2 சென்டிமீட்டர் உயரும், வேகமானி 5 விழுக்காடு குறைத்துக் காட்டும், எஞ்சின் இன்னும் அழும் நிலைக்குப் போகாது. 35 இஞ்ச் என்றால் கியர் விகிதத்தையே மாற்ற வேண்டும். நீங்கள் பார்த்து வைத்திருப்பது 1எச்இசட் டீசல் எஞ்சின் என்றால் 4.2 லிட்டருக்குக் கிடைப்பது சுமார் 130 குதிரைத்திறன், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. அதற்கு டர்போ மாட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்த எஞ்சினின் சிலிண்டர் ஹெட் அந்தச் சூட்டைத் தாங்காமல் விரிசல் விடுவது தெரிந்த விஷயம். தொழிற்சாலையிலிருந்தே டர்போவோடு வந்த 1எச்டி-டி எஞ்சின் என்றால், ஆரம்ப வருஷத்து வண்டிகளுக்குப் பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் தண்டின் கீழ்முனை பேரிங்) மாற்றிய ரசீதைக் கேளுங்கள். எதுவானாலும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றிவிட்டுத்தான் மறுவேலை.

லிஃப்ட் போட்டால் முன் அச்சு கொஞ்சம் சுழன்று காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சுக்கோட்டின் பின்சாய்வு) குறையும், வண்டி நேர்ப்பாதையில் அலையும். காஸ்டர் புஷ் மாற்றாமல், பிரேக் குழாயை நீளமாக்காமல் லிஃப்ட் மட்டும் போட்டு அனுப்புகிற கடையில் விடாதீர்கள்.

பாரம்தான் இன்னொரு எதிரி. வண்டி வெறுமனே 2 டன்னுக்கு மேல், மொத்தமாக அனுமதிக்கப்பட்ட எடை ஏறக்குறைய 3 டன். நாலு பேர், நிறைந்த டாங்கி, இரும்பு பம்பரும் விஞ்சும், கூரைக் கூடாரம், ஐஸ் பெட்டி, தண்ணீர் என்று ஏற்றிக்கொண்டே போனால் எல்லையைத் தொட்டுவிடும், பழைய பிரேக் அதே பிரேக்தான். தனியாகப் போகாதவரை விஞ்சுக்கு அவசரமில்லை. இழுப்பதற்கு நல்ல ஸ்ட்ராப் (நாடா), அதை மாட்ட இரண்டு ஷேக்கிள் (இரும்பு வளையம்), சேஸியில் போல்ட் போட்டு மாட்டிய கொக்கிகள், டயர் காற்றை 18, 20 பிஎஸ்ஐ வரை இறக்கவும் திரும்ப ஏற்றவும் ஒரு கம்ப்ரசர் போதும். ஸ்ட்ராப்பை டிரெயிலர் இழுக்கும் உருண்டையில் மட்டும் மாட்டாதீர்கள், அது முறிந்து பறந்தால் உயிர் போகும், வெளிநாடுகளில் போயிருக்கிறது. பிறகு விஞ்ச் வாங்கினால் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு கணக்கு, இந்த வண்டிக்கு ஏறக்குறைய 10,000 பவுண்டு.

கூரைக் கூடாரம் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், அதைப் போட்டால் உங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கார் நிறுத்தத்துக்குள் வண்டி நுழையுமா என்று முதலில் அளந்து பாருங்கள்.       

டீசல் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். 2024 ஜூன் 10-இல் தீபகற்ப மலேசியாவில் லிட்டர் 2 வெள்ளி (ரிங்கிட்) 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னுக்கு ஏறியது, 95 லிட்டர் டாங்கிக்கு ஒரே நாளில் 114 வெள்ளி கூடுதல். டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் சாலைப் போக்குவரத்துத் துறையின் சம்மன் வரும், கட்டமைப்பை மாற்றுவதென்றால் அவர்களிடம் அனுமதி வாங்குங்கள், மாற்றியதைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். நிரந்தரக் காப்புக் காடுகளுக்குள் நுழைய அந்தந்த மாநில வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும்.

செலவு எவ்வளவு என்று கேட்டீர்கள். வாங்குகிற விலையில் பாதியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு வாங்குங்கள், அந்தப் பாதி முழுக்க நான் சொன்ன கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்கே போகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். காசு கொடுப்பதற்கு முன்னால் ஏர்கான் போட்டபடி கோம்பாக்கிலிருந்து கெந்திங் செம்பா வரை ஏற்றிப் பாருங்கள், மேலே போய் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டுச் சூட்டு முள்ளைக் கவனியுங்கள். அது நடுவிலிருந்து துளி மேலே நகர்ந்தாலும் அலட்சியமாக விடாதீர்கள், இந்த வண்டியில் முள் லேசில் அசையாது, அசைந்தால் உள்ளே ஏற்கெனவே கொதிக்கிறது என்று அர்த்தம். பின்சக்கரத்துக்கு மேலே வளைகிற சேஸியின் உள்பக்கம் துரு எப்படி இருக்கிறதென்று ஒரு படமும், முன் அச்சு உருண்டைகள் இரண்டையும் ஒவ்வொரு படமும் எடுத்து இந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.