பதிவேட்டில் ஆறு கட்டங்கள்

வணக்கம்.

காசநோய் மருந்துகள் பற்றிய உங்கள் கட்டுரையில் காரெல் ஸ்டிப்லோ என்ற பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் தென்மாவட்டம் ஒன்றில் டிபி பிரிவில் ஹெல்த் விசிட்டர். காலையில் சளிப் பரிசோதனை, மதியம் வீடு வீடாக, மாலையில் காசநோயாளிகளைப் பதியும் அரசின் நிக்ஷய் போர்ட்டலில் பதிவு. யார் மருந்தை முடித்தார், யார் பாதியில் விட்டார், யார் இறந்தார் என்று நிரப்பிக்கொண்டே இருக்கிறேன். இதெல்லாம் குமாஸ்தா வேலை என்று எங்கள் ஆட்களே சொல்கிறார்கள். அந்த ஆராய்ச்சியாளர் செய்ததற்கும் நான் செய்வதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நேரடியான தொடர்பு உண்டு. நீங்கள் மாலையில் நிரப்பும் அந்தக் கணக்கு முறை உலகம் முழுக்கப் பரவியதற்கு முதல் காரணம் ஸ்டிப்லோ.

செக்கோஸ்லோவாகியாவில் 1921-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளின் மவுட்ஹவுசன் முகாமில் அடைபட்டார். காசநோய் அவருக்கு அங்கேதான் தொற்றியது. டாக்டரான பிறகு இந்த ஒரு நோயை விட்டு அவர் நகரவே இல்லை.

1960-களில் கொலின் என்ற செக் மாவட்டத்தில் நடந்த ஆய்வுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஊர் முழுக்கச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுப்பது அன்றைய ஐரோப்பாவின் பெரிய ஆயுதம். ஆனால் சளியில் கிருமி தெரியும் அளவுக்கு முற்றியவர்களில் பெரும்பாலோர் அந்த எக்ஸ்ரேயில் சிக்கவில்லை. இரண்டு சுற்றுகளுக்கு நடுவில் நோய் முற்றி, இருமல் தாங்காமல் தாங்களே டாக்டரிடம் போனவர்கள் அவர்கள். அப்படியென்றால் ஏழை நாடு எக்ஸ்ரே வண்டிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இருமலோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பாத சுகாதார நிலையமும் ஒரு மைக்ரோஸ்கோப்பும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

1970-களின் பிற்பாதியில் தான்சானியாவில் அதைத்தான் செய்தார்கள். அங்கே அவருக்கு எதிரே நின்ற கேள்வி இன்னும் கடினமானது. மருந்து இருந்தும் நோய் ஏன் குறையவில்லை?

பெங்களூரு தேசிய காசநோய் நிறுவனம் 1960-களில் சுற்றுவட்டக் கிராமங்களில் எடுத்த கணக்கு ஒன்று உண்டு. சரியான சிகிச்சை எட்டாத நிலையில், ஐந்தாண்டுகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்தார்கள். மூன்றில் ஒரு பங்கினர் தானாகவே தேறினார்கள். மற்றவர்கள் கிருமியோடு இருமிக்கொண்டிருந்தார்கள். இப்போது இதில் அரைகுறை வைத்தியத்தைச் சேர்த்துப் பாருங்கள். சாக வேண்டியவர் சாகவில்லை, குணமாகவும் இல்லை. வீட்டிலிருப்பவர்களுக்குத் தொற்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார், கிருமியும் மருந்துக்குப் பழகிவிடுகிறது. மோசமாக நடத்தும் திட்டத்தால் ஊரில் தொற்று கூடவும் செய்யலாம்.

அதனால் ‘எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தீர்கள்’ என்ற கணக்கு ஸ்டிப்லோவுக்குப் போதவில்லை. இந்தக் காலாண்டில் மருந்து தொடங்கிய ஒவ்வொருவரும் கடைசியில் என்ன ஆனார் என்று கேட்டார். குணமானார், மருந்தை முடித்தார், இறந்தார், மருந்து பலிக்கவில்லை, பாதியில் விட்டார், வேறிடம் போனார். ஆறே கட்டங்கள். ஆறையும் கூட்டினால் தொடங்கியவர்களின் எண்ணிக்கை வர வேண்டும். ஒருவர்கூடக் கணக்கிலிருந்து நழுவ முடியாது. நோயாளி காணாமல் போனால் அது அவருடைய குற்றமாக இல்லாமல் மாவட்டத்தின் தோல்வியாக அறிக்கையில் ஏறும். என்னைப் பொறுத்தவரை அவருடைய ஆகப்பெரிய பங்களிப்பு இதுதான், எந்த மருந்தையும்விட.

மருந்து விஷயத்திலும் கறார்தான். ரிஃபாம்பிசின் என்ற வலுவான காசநோய் மருந்து உள்ள முதல் இரண்டு மாதச் சிகிச்சை ஊழியர் கண்முன்னே, பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் வைத்தே. அப்புறம் ஆறு மாதம் வேறு மாத்திரைகள். நம் சென்னையில் 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 1959-லேயே காட்டியிருந்தது. ஆனால் சுகாதார நிலையத்துக்கு நாள்கணக்கில் நடக்க வேண்டிய தான்சானிய ஊர்களில் அவருக்கு வேறு வழி இருந்திருக்காது. குணமானவர்கள் எண்பது சதவீதத்தை நெருங்கினார்கள். 1993-ல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலக நெருக்கடியாக அறிவித்தபோது கையில் இருந்த முன்மாதிரி இதுதான். பின்னர் டாட்ஸ் (நேரடிக் கண்காணிப்பில் குறுகிய காலச் சிகிச்சை) என்று பெயர் பெற்றது. இந்தியாவில் 1993-ல் சோதனையாகத் தொடங்கி 2006-ல் நாடு முழுக்க வந்து சேர்ந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். சளியில் கிருமி தெரிகிறவர் மேல் அத்தனை கவனத்தையும் குவித்ததில் குழந்தைகளும் சளியில் கிருமி தெரியாதவர்களும் பின்னுக்குப் போனார்கள். எச்ஐவி பரவியபோது அதே தான்சானியாவில் நோயாளிகள் பல மடங்கானார்கள். நன்றாகக் குணப்படுத்தினால் மட்டும் நோய் இறங்கிவிடாது என்று அப்போதுதான் தெரிந்தது. எதிரில் உட்கார்ந்து மாத்திரை விழுங்க வைப்பதைப் பலர் அவமானமாக உணர்ந்ததும் உண்மை. ஆறு கட்டங்களில் அந்த வலிக்கு இடமில்லை.

குமாஸ்தா வேலை என்று சொல்கிறவர்களிடம் நம்மூர் உதாரணத்தையே சொல்லுங்கள். ‘இறந்தார்’ என்ற கட்டத்தில் விழுந்தவர்கள் எப்போது இறந்தார்கள் என்று பார்த்தபோது, பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில்தான் என்று தெரிந்தது. 2022-ல் தமிழ்நாட்டில் வந்த காசநோய் இறப்பில்லாத் திட்டம் அந்த மாதங்களைக் குறிவைத்ததுதான். புதிதாகக் கண்டறியப்பட்டவரின் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா என்று அன்றே பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறீர்கள் அல்லவா? அந்த யோசனைக்கு அடிப்படை, உங்களைப் போன்றவர்கள் வருடக்கணக்காக ஒழுங்காக நிரப்பிவைத்த பதிவுகள்.