பாறை ஈரமா? பொறுத்திருங்கள்!

கேள்வி: டிசம்பரில் நண்பர்களோடு கர்நாடகாவின் பாதாமிக்குப் பாறையேறப் போகிறோம். மழை பெய்தால் மறுநாளே ஏறலாமா? குகைக்கோயில் பக்கம் ஏறலாமா?

பதில்: மறுநாள் கூடவே கூடாது. பாதாமியில் இருப்பது மணற்பாறை. மணல்துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பு நீரில் தளர்ந்துவிடும். கைப்பிடி பிய்ந்து வரும், கயிறு மாட்டப் பாறையில் பதித்திருக்கும் போல்ட்டின் பிடிமானமும் குறையும். மேற்பரப்பு வெயிலில் சீக்கிரம் காய்ந்து ஏமாற்றும். பாறையடியில் நாலு விரல் ஆழம் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று ஏறாதீர்கள். நல்ல மழை என்றால் இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டியிருக்கும். பிடி உடைந்தால் அடுத்து வருபவருக்கு அந்தப் பாதையே இல்லாமல் போகலாம்.

குகைக்கோயில்கள் சாளுக்கியர் காலத்தவை, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே ஏறவே வேண்டாம். மற்ற பாறைகளில் கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பொடியின் கறையை மென்மையான பிரஷ்ஷால் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். கம்பி பிரஷ் பாறையையே சுரண்டிவிடும்.