சைக்கிள் கேள்வி–பதில்

ஞாயிறு காலை ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) சைக்கிள் ஓட்டும்போது, எதிரே ரோடு பைக்கில், அதாவது மெல்லிய டயர் கொண்ட வேக சைக்கிளில், வருபவர்களுக்குக் கை காட்டுகிறேன். பாதிப் பேர் கண்டுகொள்வதே இல்லை. அவ்வளவு கர்வமா?
– வாசகர், திருவான்மியூர்

கர்வம் இருக்கிறவர்களும் உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள்: இருவரும் 30 கி.மீ. வேகத்தில் வந்தால் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் நெருங்குகிறீர்கள். 50 மீட்டரில் உங்களைப் பார்த்தவருக்கு மூன்றே நொடி. நடுவே மீடியன் வேறு. முட்டுக்காடு பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது யாரும் ஹேண்டிலிலிருந்து கையை எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. இரண்டு விரல் உயர்ந்தாலோ தலை லேசாக அசைந்தாலோ பதில் வந்துவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் முழுக்கையை வீசாதீர்கள். எந்த லீவர் முன் பிரேக் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஒற்றைக் கையால் அதை அழுத்திப் பிடித்தால் ஹேண்டில் திரும்பி ஆளைக் கவிழ்த்துவிடும். இன்னொன்று: ஹெல்மெட் போட்டவருக்கு மட்டும் வணக்கம் வைத்துவிட்டு, கேரியரில் மீன் கூடை கட்டி மிதித்து வருபவரைப் பார்க்காததுபோல் போகிறார்களே, அது எந்த ஊர் மரியாதை?

மெரினா சர்வீஸ் ரோட்டில் வாக்கிங் போகிறவர்களைக் கடக்கையில் பெல் அடித்தால் முறைக்கிறார்களே?
– வாசகி, மயிலாப்பூர்

பக்கத்தில் போய் அடிக்கிறீர்கள். முதுகுக்குப் பின்னால் மூன்று மீட்டரில் பெல் கேட்டால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும். எந்தப் பக்கம் துள்ளுவார் என்று அவருக்கே தெரியாது. 20 கி.மீ. வேகமென்றால் 25 மீட்டர் இருக்கும்போதே ஒரு முறை அடியுங்கள். நாலு நொடிக்கு மேல் கிடைக்கும். பிறகு 10–12 கி.மீ.க்குக் குறைத்து, வலப்பக்கம் ஒரு மீட்டராவது விட்டுக் கடங்கள்.

“வலது பக்கம் வரேன்” என்று கத்தாதீர்கள். பலருக்கு ‘வலது’ மட்டும் காதில் விழும், சரியாக வலப்பக்கமே ஒதுங்குவார்கள். “சைக்கிள் வருதுங்க” போதும். இயர்போன் மாட்டியவருக்கு எதுவும் கேட்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாயோடு நடப்பவர் என்றால் ஆள் இருக்கும் பக்கமாகப் போங்கள். இடையில் புகுந்தால் கயிறு சக்கரத்தில் மாட்டும். கடக்கும்போது ஒரு “தேங்க்ஸ் சார்”. முறைப்பு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

முன்பின் தெரியாதவர் பின்னால் ஒட்டிக்கொண்டு போகலாமா? முகத்தில் மோதும் எதிர்க்காற்று குறைகிறதே!
– வாசகர், அடையாறு

கேட்டுவிட்டுப் போகலாம். சக்கரத்தோடு சக்கரம் உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் வரும் நீங்கள்தான்.

பஞ்சராகி நிற்பவருக்கு எப்படி உதவுவது?
– வாசகர், கோவளம்

வேகத்தைக் குறைத்து “எல்லாம் இருக்கா?” என்று கேளுங்கள். இல்லையென்றால் முதலில் டியூப் அளவு: உங்கள் ரோடு பைக்கின் 700x25 அளவு டியூப் அவருடைய 26 இன்ச் சக்கரத்துக்கு ஆகாது. புது டியூப் போடும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி முள்ளையோ கண்ணாடித் துண்டையோ எடுத்துவிடுங்கள். விட்டால் பத்தே நிமிடத்தில் மறுபடி இறங்கும்.

பிரெஸ்டா வால்வென்றால் (நுனியில் சின்னத் திருகு உள்ள மெல்லிய வால்வு) அந்தத் திருகைத் தளர்த்தி, ஒருமுறை அழுத்திவிட்டுப் பம்பை மாட்டுங்கள். ஸ்போக்கோடு சேர்த்துப் பிடித்து அடியுங்கள். பம்ப் ஆடினால் நுனி ஒடிந்துபோகும். பெட்ரோல் பங்க் குழாய் இதில் நேராகப் பொருந்தாது, சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும். பழைய கறுப்பு சைக்கிளின் வால்வுக்கும் பிரெஸ்டா பம்ப் பொதுவாகப் பொருந்தும் என்பதால், பால்காரர் வண்டிக்கும் நீங்கள் தாராளமாகக் காற்றடித்துக் கொடுக்கலாம்.