4 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் நிரல் எழுதப் பழகுகிறவர் கட்டளை வரிக் கருவிகளைக் கற்பது அவசியமா? எவற்றை முதலில் கற்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் தாம் வியாசர்பாடியில் வசிக்கும் இறுதியாண்டு மாணவர் என்றும், நிரல் எழுதும் செயலியான விஷுவல் ஸ்டுடியோ கோட் என்பதையும் பிரவுசரையும் ஒன்றாகத் திறந்தாலே தம் கணினி திணறுகிறது என்றும், கறுப்புத் திரையில் கட்டளை அடித்துப் பழகச் செலவிடும் நேரம் வீணாகிவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறார். தமிழ் வழியில் படித்ததால் ஆங்கிலப் பிழைச்செய்திகளைக் கண்டாலே தயக்கமாக இருக்கிறது என்றும் சேர்த்திருக்கிறார்.

அந்த நேரம் வீணாகாது. நான் தண்டையார்பேட்டையில் பிறந்து, மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 11 ஆண்டுகளாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். என் முதல் கணினியும் வேறொருவர் பயன்படுத்திவிட்டு விற்றதுதான். அதில் நான் தொழில் கற்க முடிந்ததற்குக் கட்டளை வரியே காரணம் என்பதால், இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். கட்டளைகளை அடிக்கும் அந்தக் கறுப்புத் திரையான டெர்மினலும் அதில் ஓடும் சிறு கருவிகளும் மிகக் குறைந்த நினைவகத்தில் அடங்கிவிடுகின்றன என்பதால், மீதமுள்ள இடம் முழுவதும் நீங்கள் எழுதும் நிரலுக்கே கிடைக்கிறது. நினைவகச் சிக்கனத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. சுட்டியால் பத்து இடங்களில் சொடுக்கிச் செய்த வேலையை மறுநாள் அதே வரிசையில் செய்ய ஞாபகசக்தி வேண்டும். கட்டளையாகச் செய்த வேலையோ எழுத்தாகவே நிற்கிறது. அதைத் திரும்ப ஓட்டலாம், கோப்பில் சேமிக்கலாம், நண்பருக்கு அனுப்பலாம், எந்த இடத்தில் தவறியது என்று வரிவரியாகப் பார்க்கலாம்.

எனக்கு இது விளங்கியது கல்லூரியில் அல்ல. என் பெரியப்பா காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் கட்டி ஏற்றிவிடும் தொழில் செய்துவந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில், விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதுதான் அவருக்கு உட்கார்ந்து கணக்குப் பார்க்க நேரம் கிடைக்கும். ஓர் ஆண்டு அவருடைய நோட்டில் இருந்ததையெல்லாம் தேதி, படகு எண், கட்டிகளின் எண்ணிக்கை, பாக்கி என்று காற்புள்ளியிட்டு ஒரு சிஎஸ்வி கோப்பாக அடித்தேன். 'கட்' என்ற கட்டளையால் படகு எண் உள்ள பத்தியை மட்டும் பிரித்து, அதை 'யூனிக்' என்ற கட்டளைக்குள் செலுத்தி, ஒவ்வொரு படகும் எத்தனை முறை ஐஸ் எடுத்தது என்று எண்ணச் சொன்னேன். தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்த பெரியப்பா, "ஒரே போட்டு மூணு எடத்துல வருதே, இது என்னடா கணக்கு?" என்று கேட்டார்.

தவறு என்னுடையது. யூனிக் கட்டளை அடுத்தடுத்து உள்ள வரிகளை மட்டுமே ஒப்பிடும். ஒரே எண் கோப்பின் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் இருந்தால் அவற்றை மூன்று தனித்தனிக் குவியலாகவே எண்ணும். அதற்கு முன்னால் 'சார்ட்' கட்டளையால் வரிசைப்படுத்திவிட்டால் ஒரே எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும், எண்ணிக்கையும் சரியாகும். நான் செய்தது அந்த ஒரே வரியில் ஒரு சொல்லைச் சேர்த்ததுதான். அந்த வரி என் கண்முன்னால் எழுத்தாக இருந்ததால்தான், எந்தப் படியை விட்டேன் என்பதை என்னால் கண்டுபிடிக்க முடிந்தது. இந்த மூன்று கட்டளைகளை இன்றுவரை, சர்வர் தன் நடவடிக்கைகளை எழுதிவைக்கும் பதிவுகளில் எந்தப் பிழை அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்க்க அப்படியே பயன்படுத்துகிறேன்.

ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குள் செலுத்தும் இந்த வசதிக்குப் பெயரே 'பைப்' என்பதாகும். தோட்டக் குழாய்களைத் திருகி இணைப்பதுபோல நிரல்களை இணைக்க வழி வேண்டும் என்று பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் 1964லேயே குறிப்பு எழுதினார். கென் தாம்சன் 1973ல் அதை யூனிக்ஸ் இயங்குதளத்தில் செய்து காட்டினார். லாரித் தண்ணீர் தெருக்கோடி வீட்டை எட்ட ஒரு குழாயோடு இன்னொரு குழாயை மாட்டுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கருவியும் தனக்குரிய சிறு வேலையைச் செய்துவிட்டு, எழுத்தாக அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறது என்ற ஒன்று பிடிபட்டுவிட்டால், புதிய கட்டளை எதைக் கண்டாலும் அது எதை வாங்கி எதைத் தருகிறது என்றுதான் முதலில் கேட்பீர்கள்.

இனி ஆங்கிலப் பிழைச்செய்தி பற்றிய தயக்கத்துக்கு வருகிறேன், ஏனெனில் நல்ல மாணவர்கள் பலர் இந்த இடத்தில் நின்றுவிடுவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அச்செய்திகளில் வரும் ஆங்கிலம் மிகச் சிறியது. கோப்பு இல்லை, அனுமதி இல்லை, கட்டளை கிடைக்கவில்லை, முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற நான்கைந்து வாக்கியங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சுமை குறையும். பைத்தான் நிரல் முறிந்தால் கடைசி வரியில்தான் உண்மையான காரணம் இருக்கும். அங்கிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். சி நிரலைத் தொகுக்கும்போது ஐம்பது பிழைகள் வந்தால் முதல் பிழையை மட்டும் பாருங்கள், ஏனெனில் விடுபட்ட ஒரு அரைப்புள்ளியே மீதிப் பிழைகள் பலவற்றையும் கிளப்பியிருக்கக்கூடும்.

திரையில் தெரியாத இன்னொரு விடையும் உண்டு. ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது: 0 என்றால் வெற்றி, வேறு எந்த எண்ணானாலும் ஏதோ தவறு. டாலர் குறியும் கேள்விக்குறியும் சேர்த்து எக்கோ கட்டளையால் அச்சிட்டால் அந்த எண்ணைக் காணலாம். இது சிறிய செய்தியாகத் தோன்றும்; ஆனால் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த, தானாக இயங்கும் ஸ்கிரிப்டுகள் எல்லாம் இந்த எண்ணை நம்பித்தான் நடக்கின்றன.

கருவிகளுள் முதலில் கற்க வேண்டியது, நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதை எழுதத் தொடங்கியபோதே, திட்டத்தின் வரலாறு முழுவதும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும்படி அமைத்தார். இதன் அருமையை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது நேரில் உணர்ந்தேன். எங்கள் தெருவில் வெள்ளம் வடிந்து மின்சாரம் வந்த பிறகும் இணையம் இரண்டு நாள் வரவில்லை. கமிட் செய்வது (அதுவரை செய்த மாற்றத்தை வரலாற்றில் பதிவது), பழைய கமிட்டோடு ஒப்பிடுவது, கிளை பிரிப்பது, இணைப்பது ஆகிய எதற்குமே இணையம் தேவைப்படாததால் என் வேலை நிற்கவில்லை. இணையத்தில் உள்ள நகலுக்கு அவற்றை அனுப்பும் புஷ் மட்டும்தான் காத்திருந்தது. கட்டளைகளின் விளக்கத்துக்கு 'மேன்' பக்கங்கள் கணினியிலேயே இருந்தன. தரவுத்தளமாக எஸ்க்யூலைட் இருந்தது; அது தரவு முழுவதையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்வதால் தனி சர்வர் ஓட வேண்டியதில்லை, உங்கள் 4 ஜிபி கணினிக்கும் பொருத்தமானது.

கிட்டில் பலரும் எட்டிப்பார்க்காத ஒரு பகுதி 'பைசெக்ட்'. போன மாதம் ஓடிய நிரல் இன்று ஓடவில்லை, இடையில் ஆயிரம் கமிட்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கமிட் ஒன்றையும் கெட்ட கமிட் ஒன்றையும் காட்டினால், அது நடுவில் உள்ளதை எடுத்துக் கொடுக்கும். அது நல்லதா கெட்டதா என்று நீங்கள் சொன்னதும் பாதியைக் கழித்துவிடும். ஏறத்தாழ பத்தே சோதனைகளில் குற்றவாளிக் கமிட் கையில் வந்துவிடும். சோதனையை ஒரு ஸ்கிரிப்டாக எழுதிக் கொடுத்துவிட்டால், மேலே சொன்ன முடிவெண்ணைப் பார்த்து அதுவே முழுத் தேடலையும் நடத்தும்: 0 என்றால் நல்லது, 125 என்றால் இந்தக் கமிட்டைச் சோதிக்க முடியவில்லை, தாண்டிப் போ, 127க்குள் உள்ள மற்ற எண்கள் எல்லாம் கெட்டது என்று பொருள்.

இணையச் செயலி எழுதுகிறவருக்கு 'கர்ல்' அடுத்த துணை. டேனியல் ஸ்டென்பெர்க் 1998ல் வெளியிட்ட இக்கருவியால், பிரவுசரைத் திறக்காமலேயே உங்கள் கணினியில் ஓடும் சர்வரிடம் கேள்வி கேட்கலாம். வரும் விடையின் தலைப்பு வரிகளையும் 200, 404, 500 போன்ற நிலை எண்களையும் பார்க்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சர்வர் 500 என்று பதில் சொன்னாலும், பதில் வந்து சேர்ந்துவிட்டதால் கர்ல் 0 என்றே முடியும். 'ஃபெயில்' என்ற தெரிவைச் சேர்த்தால்தான் 400 முதலான பிழை எண்களைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்டில் இதை மறந்தவர்கள் எல்லாம் நலம் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். வரும் விடை, தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதும் ஜேசன் வடிவில் இருந்தால் அதைப் பிரித்துப் பார்க்க 'ஜேக்யூ' போதும்.

என்னிடம் மாலையில் பழக வரும் தம்பி ஒருவர், கொருக்குப்பேட்டையைச் சேர்ந்தவர், ஒருநாள் "அண்ணா, சர்வரை நிறுத்திட்டேன், ஆனா 3000 போர்ட் பிஸின்னு சொல்லுது, சிஸ்டத்தையே ரீஸ்டார்ட் பண்ணட்டுமா?" என்று கேட்டார். அவர் கண்ட்ரோலும் சி-யும் அழுத்துவதற்குப் பதிலாகக் கண்ட்ரோலும் இசட்-டும் அழுத்தியிருந்தார். இசட் நிரலை நிறுத்தாது, உறங்கவைக்கும். உறங்கினாலும் அது போர்ட்டை, அதாவது சர்வர் கேள்விகளை வாங்கும் வாயில் எண்ணை, பிடித்துக்கொண்டே இருக்கும். 'ஜாப்ஸ்' என்று அடித்தால் உறங்குகிறவை தெரியும். 'எஃப்ஜி' என்று அடித்து முன்னுக்குக் கொண்டுவந்து சி அழுத்தினால் முறையாக முடியும். டெர்மினலையே மூடிவிட்டிருந்தால் 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளை போர்ட்டைப் பிடித்திருக்கும் நிரலின் எண்ணைக் காட்டும். அந்த எண்ணைக் 'கில்' கட்டளைக்குக் கொடுக்கலாம். எடுத்த எடுப்பிலேயே 9 என்ற சமிக்ஞையை அனுப்பாதீர்கள். இயல்பாகச் செல்லும் 15 நிரலுக்குத் தன் கோப்புகளை மூடிக்கொள்ள அவகாசம் தருகிறது, 9 அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

திட்டத்துக்கு வேண்டிய கட்டளைகளை ஓரிடத்தில் எழுதிவைக்க 'மேக்' என்ற பழைய கருவியையே நான் பரிந்துரைப்பேன். ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976ல் உருவாக்கிய இது, மூலக்கோப்பு மாறியிருந்தால் மட்டும் மறுபடி தொகுக்கும். உங்களைப் போன்ற கணினிக்கு அதுவே பெரிய உதவி. என் முதல் வேலையில் மூத்தவராக இருந்த அக்கா ஒருவர், புதிதாகச் சேர்கிறவர் 'மேக் ரன்' என்று அடித்தால் திட்டம் ஓட வேண்டும், யாரையும் கேட்க வேண்டியிருக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். இன்று நான் எழுதும் எல்லாத் திட்டத்திலும் அதையே பின்பற்றுகிறேன். கட்டளை வரிகள் டேப் விசையால் தொடங்க வேண்டும், வெற்றிடங்களால் தொடங்கினால் பிரிப்பான் இல்லை என்று பிழை வரும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'ஆர்எம்' கட்டளை அழித்தது குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தவறான கோப்புறையில் நின்றுகொண்டு அதை அடித்து, மூன்று நாள் உழைப்பை இழந்தேன். அவை கமிட் செய்யப்படாதவை என்பதால் கிட்டாலும் மீட்க இயலவில்லை. கமிட் செய்துவிட்டுப் பிறகு தொலைத்ததை, கிட் தன் நகர்வுகளைக் குறித்துவைக்கும் 'ரெஃப்லாக்' வழியாக, அமைப்புகளை மாற்றாத வரையில், குறைந்தது 30 நாள் வரை மீட்கலாம். ஆகவே அன்றைய வேலை அரைகுறையாக இருந்தாலும் கமிட் செய்துவிட்டு எழுந்திருங்கள். கடவுச்சொல் உள்ள கோப்பை மட்டும் ஒருபோதும் கமிட் செய்யாதீர்கள். அடுத்த கமிட்டில் அழித்தாலும் வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும்.

தமிழில் தரவு வைத்து வேலை செய்ய எண்ணினால் ஒரு சோதனை செய்து பாருங்கள். 'அம்மா' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் அது அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறியீடுகள். அவற்றைக் கோப்பில் எழுதும் முறையான யுடிஎஃப்-8ல் குறியீட்டுக்கு மூன்று பைட் வீதம் 15 பைட்டுகள். எண்ணிச் சொல்லும் 'டபிள்யூசி' கட்டளையிடம் பைட்டுகளைக் கேட்டால் ஒரு விடையும் குறியீடுகளைக் கேட்டால் வேறு விடையும் கிடைப்பது இதனால்தான். பெயர்ப் பத்தியின் நீளத்தைக் கட்டுப்படுத்தும்போது இதை மறந்தால் தமிழ்ப் பெயர்கள் நடுவில் வெட்டுப்படும்.

எந்த இயங்குதளத்தில் பழகுவது என்றால், விண்டோஸில் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் நல்ல வசதிதான். ஆனால் இரண்டும் சேர்ந்து ஓட 4 ஜிபி இறுக்கமாக இருக்கும். உங்கள் பாடங்களுக்கு விண்டோஸ் கட்டாயமில்லை என்றால், தரவுகளை நகலெடுத்து வைத்துவிட்டு, எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான மேசைத்தளம் உள்ள லினக்ஸை நேரடியாக நிறுவுவதையே நான் செய்வேன். முதல் மாதம் கோப்புறைகளில் நடமாடுவதும், 'கிரெப்' கொண்டு தேடுவதும், கிட்டும் போதும். கர்லும் மேக்கும் தேவை வரும்போது தாமே வந்து சேரும். இடையில் எங்கேனும் சிக்கிக்கொண்டால், நீங்கள் அடித்த கட்டளையையும் வந்த பிழைச்செய்தியையும் படமாக எடுக்காமல் எழுத்தாகவே நகலெடுத்து இப்பதிலின் கீழே ஒட்டுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் நான் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.