ஏற்றத்தைப் பற்றிக் கேட்டீர்கள், இறக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன்

கேள்வி: எனக்கு வயது 54. ரத்த அழுத்தத்துக்கு மூன்று ஆண்டுகளாக டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை காலையில் ஒன்று எடுக்கிறேன். அழுத்தம் 130/80-ஐ ஒட்டியே இருக்கிறது. சர்க்கரை இல்லை. தினமும் அரை மணி நேரம் நடப்பேன். மாடிப்படி இறங்கும்போது மட்டும் வலது முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். இன்னும் இரண்டு மாதத்தில் மகள் தன் தோழிகளோடு ஒரு மலைக்கிராமத்துக்கு நடந்தே போகிறாள், என்னையும் கூப்பிடுகிறாள். 9 கிலோமீட்டர் தூரம். 1,400 மீட்டர் உயரத்திலிருந்து 2,100 மீட்டருக்கு ஏற்றம். ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் அதே வழியில் இறங்க வேண்டும். ‘புதியவர்களுக்கு ஏற்ற எளிய பாதை’ என்கிறார்கள். பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. போகலாமா?

பதில்: போகலாம். இரண்டு மாதம் கையில் இருக்கிறது என்பதால்தான் தயங்காமல் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது மூச்சு இல்லை, அந்த முழங்கால்தான். மலைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் ஏற்றத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். திரும்பி வந்து என்னைப் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் காட்டுவது முழங்காலையும் கால் நகத்தையும்தான். இரண்டுமே இறக்கத்தில் வந்தவை.

‘எளிய பாதை’ என்பதைத் தூரத்தை மட்டும் வைத்து நம்பாதீர்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு ஒன்று இன்றும் பயன்படுகிறது: சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்து, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் பாதைக்கு அது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். நல்ல பழக்கம் உள்ளவர் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம் அது. புதியவருக்கு ஒன்றரை மடங்கு வைத்து, உட்காரவும் சாப்பிடவும் ஒரு மணி நேரம் சேர்த்தால், ஐந்தரை, ஆறு மணி ஆகிவிடும். அதனால் காலையிலேயே கிளம்புங்கள். வழியில் ஊர்க்காரர் யாராவது ‘இதோ, அரை மணி நேரம்தான்’ என்றால் அது அவருடைய காலுக்கான அரை மணி.

முதலில் மூச்சு. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் தலைவலி, குமட்டல் என்று வரும் மலை நோய் 2,100 மீட்டரில் வருவது அபூர்வம். பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தங்கும்போதுதான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்கென்று மாத்திரை எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. பக்கத்தில் நடப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஏறுங்கள். வாக்கியம் துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம் என்று பொருள். அவ்வளவுதான். ஆனால் ஒன்று: ஏறும்போது நெஞ்சை அழுத்துவது போலவோ, தாடை, தோள், மேல்வயிறு பக்கம் இறுக்கமாகவோ இருந்தால், அல்லது சமீபமாக வழக்கத்துக்கு மாறான களைப்பு இருந்தால், பயிற்சியைத் தொடங்கும் முன்பே இதயத்தைப் பரிசோதித்துவிடுங்கள். உங்களைப் போன்ற பெண்களுக்கு இதயக்கோளாறு சில நேரம் நெஞ்சுவலியாக வராமல் இப்படிக் களைப்பாகவும் வரும். அதை வயதுக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

இனி முழங்கால். படி இறங்கும்போது மட்டும் முன்பக்கம் வலிக்கிறது என்றால், முழங்கால் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே விழும் அழுத்தம்தான் பெரும்பாலும் காரணம். படி இறங்குகையில் அந்த இடத்தில் உடல் எடையைப்போலச் சுமார் மூன்று மடங்கு அழுத்தம் விழுகிறது. தொடையின் முன்தசை ஏற்றத்தில் சுருங்கிக்கொண்டே உங்களைத் தூக்குகிறது. இறக்கத்தில் நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. இந்தப் பிரேக் வேலைதான் தசைக்குப் பழக்கமில்லாதது. நீங்கள் தினமும் சமதளத்தில் நடக்கும் அரை மணி நேரம் அதற்கு எந்தப் பயிற்சியும் தருவதில்லை.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். வீட்டுப் படிக்கட்டின் கடைசிப் படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது காலில் நில்லுங்கள். இடது குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக, மனதுக்குள் ஐந்து எண்ணியபடி இறக்குங்கள். வலது முழங்காலைக் குனிந்து பாருங்கள். அது கால் கட்டைவிரலையும் தாண்டி உள்பக்கமாகச் சரிகிறதா? சரிந்தால் தொடைத் தசையோடு இடுப்புப் பக்கத் தசையும் பலவீனமாக இருக்கிறது. இதே அசைவுதான் உங்களுக்கு மருந்தும். முழங்கால் இரண்டாவது விரலுக்கு நேராக நிற்கும்படி பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, வாரம் மூன்று நாள். லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலையிலும் வலித்தாலோ வீங்கினாலோ படியின் உயரத்தைக் குறையுங்கள். ஆறு வாரம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். முழங்கால் நடுவில் சிக்கிக்கொள்கிறது, நடக்கும்போதே மடங்கி விடுகிறது என்றால் இந்தப் பயிற்சியோடு நிறுத்தாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசி இரண்டு வாரம் மிச்சம் இருக்கும்போது, உண்மையான ஒரு சரிவில் ஒரு மணி நேரம் இறங்கிப் பாருங்கள். சரிவு கிடைக்காவிட்டால் பல மாடிக் கட்டிடத்தில் லிஃப்டில் ஏறி, படியில் இறங்குங்கள். ஒன்றிரண்டு நாளில் தொடை பிடித்துக்கொள்ளும், சில நாளில் அடங்கிவிடும். பயப்பட வேண்டாம், இது வேண்டும் என்றே வரவழைக்கும் வலி. ஒருமுறை இப்படி வலித்து ஆறிய தசைக்கு அடுத்த சில வாரங்கள் அதே வேலை அந்த அளவு வலிப்பதில்லை.

நடக்கும்போது ஊன்றுகோல் இரண்டு வேண்டும், ஒன்று போதாது. இறக்கத்தில் அவற்றை ஐந்து, பத்து சென்டிமீட்டர் நீட்டிவிட்டு, காலுக்கு முன்னால் ஊன்றிவிட்டு அடியெடுத்து வையுங்கள். அடி சிறிதாக இருக்கட்டும். இறக்கம் தொடங்கும் இடத்தில் ஒரு கல்லில் உட்காருங்கள். குதிகாலைத் தரையில் தட்டி ஷூவின் பின்பக்கம் ஒட்டவைத்து, கணுக்கால் பக்கத்துக் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போடுங்கள். பாதம் முன்னால் வழுக்காமல் இருந்தால் நகம் கறுக்காது. நகத்தை இரண்டு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். ஷூ புதிதாக இருக்கக் கூடாது. முதுகுப் பை ஐந்து கிலோவைத் தாண்ட வேண்டாம். அதிலுள்ள ஒவ்வொரு கிலோவும் அந்தச் சில்லின் மேல் பல மடங்காக விழும். மற்றதை மகள் சுமக்கட்டும், இதில் கூச்சப்படாதீர்கள்.

அடுத்தது உங்கள் மாத்திரை. இதை இரண்டு முறை படியுங்கள். முழங்கால் வலிக்கிறது என்று வழியில் யாராவது ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை கொடுப்பார்கள். நல்ல மனதோடுதான் கொடுப்பார்கள். நீங்கள் எடுக்கக் கூடாது. டெல்மிசார்டன், சிறுநீரை அதிகமாக்கும் தயசைடு, இந்த வகை வலி மாத்திரை மூன்றும் சேர்ந்து, உடலில் நீரும் குறைந்திருந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். பூசும் களிம்பு வேண்டும் என்றால் முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பு மருத்துவரைப் பார்த்து, ரத்தத்தில் உப்புகளும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்த்துவிட்டு, வழியில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அன்றைக்கு மாத்திரையை என்ன செய்வது என்று இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதே மாத்திரையின் காரணமாகத் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிக்காதீர்கள். தயசைடு எடுப்பவருக்கு ரத்தத்தில் சோடியம் குறையும் வாய்ப்பு உண்டு. வெறும் தண்ணீர் அதை இன்னும் குறைக்கும். தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள், கூடவே உப்பு சேர்ந்த தின்பண்டம் ஏதாவது சாப்பிடுங்கள், ஓ.ஆர்.எஸ். இரண்டு பொட்டலம் பையில் இருக்கட்டும். கிராமத்தில் கிடைக்கும் நீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதால், கொதி வந்தபின் மூன்று நிமிடம் விட வேண்டும்.

மேலே, கிளம்பிய இடத்தைவிட நாலு, ஐந்து டிகிரி குளிரும். போய்ச் சேர்ந்ததும் வியர்த்த உடையை உடனே மாற்றிவிடுங்கள்.

பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் மகளை ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: அந்தக் கிராமத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வண்டி வரும்? ஒத்திகை இறக்கத்துக்குப் பிறகு உங்கள் முழங்கால் வீங்கினால், பயணத்தையே விட்டுவிட வேண்டியதில்லை. மகளோடு நடந்து ஏறுங்கள், இரவு தங்குங்கள், மறுநாள் வண்டியில் இறங்கிக் கீழே அவர்களுக்காகக் காத்திருங்கள். வண்டியே வராத ஊர் என்றால், வேறு ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.