‘எதற்கும் பள்ளி பொறுப்பல்ல’ என்று கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா?

கேள்வி: என் மகள் தனியார் மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் பெய்த மழையில் மதியமே பள்ளியை விட்டுவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார்களாம். வேலையில் இருந்ததால் நான் பார்க்கவில்லை. வழக்கமாக வரும் வேனும் வரவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் நனைந்துகொண்டு நின்றவளை, தெரிந்தவர் ஒருவர் பார்த்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். போய்க் கேட்டேன். இப்போது எல்லாப் பெற்றோருக்கும் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். மழை, வெள்ளம், தீ போன்ற அவசர நேரங்களில் எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போடாவிட்டால் டிசி வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். தீயணைப்புத் துறை சான்று இருக்கிறதா என்று கேட்டால் “அது அலுவலக விஷயம்” என்று பதில் வருகிறது. கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: அந்தப் படிவத்தை அப்படியே கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். அதே சமயம் முழுவதையும் கிழித்துப் போட்டுவிடவும் வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

குழந்தையைப் பள்ளியில் விட்ட நேரத்திலிருந்து அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமை பள்ளிக்கு வந்துவிடுகிறது. இது நீங்கள் எழுதிக் கொடுத்து வந்த கடமையும் அல்ல, எழுதிக் கொடுத்துப் போகிற கடமையும் அல்ல. 1995-இல் பியாஸ் ஆற்றங்கரைக்குப் பள்ளிச் சுற்றுலா போன குழந்தைகளில் 14 பேர் மூழ்கி இறந்தார்கள். உடன் போன ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிர்வாகமே பொறுப்பு என்று சொல்லி, குழந்தை ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2001-இல் உறுதிசெய்தது. பொதுநலனுக்கு முரணான ஒப்பந்தம் செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் 23-ஆம் பிரிவு சொல்கிறது. ‘நாங்கள் கவனமில்லாமல் இருந்தாலும் கேட்கக் கூடாது’ என்று எழுதி வாங்குவது இந்தப் பிரிவின்முன் நிற்பது கடினம். போதாததற்கு, பாதிக்கப்படுவது உங்கள் மகளின் உரிமை. நீங்கள் போட்ட கையெழுத்தால் அது போய்விடாது. சிறு வயதில் நடந்த பாதிப்புக்கு 18 வயது முடிந்த பிறகு 3 ஆண்டுகள் வரை வழக்குத் தொடரக்கூட காலவரையறைச் சட்டம் இடம் தருகிறது.

பிறகு கையெழுத்துப் போட்டால்தான் என்ன என்று கேட்பீர்கள். நாளை ஏதாவது நடந்தால், பள்ளியின் வழக்கறிஞர் முதலில் நீட்டப்போவது அந்தத் தாளைத்தான். ‘ஆபத்து தெரிந்தே ஒப்புக்கொண்டார்கள்’ என்று வாதம் ஓடும். தோற்கிற வாதம்தான், ஆனால் அதைத் தோற்கடிக்க உங்கள் காலமும் பணமும் போகும். அதனால் ‘பள்ளி பொறுப்பல்ல’ என்ற வரிகளை மட்டும் அடித்துவிட்டு, பக்கத்தில் சிறு கையெழுத்தும் தேதியும் போட்டு, மற்றதற்குச் சம்மதம் கொடுங்கள். இப்படிப்பட்ட படிவங்களில் பெரும்பாலும் ஒரு நல்ல வரியும் கலந்திருக்கும்: அவசர நேரத்தில் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுக்க அனுமதி. அதை விடாதீர்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில், பெற்றோரை எட்ட முடியாதபோது சம்மதம் இல்லாமலே சிகிச்சை கொடுக்கச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆனாலும் எழுதிய சம்மதமும், ஒவ்வாமை, இரத்த வகை, சாப்பிடும் மருந்து பற்றிய குறிப்பும் கையில் இருந்தால் யாரும் தயங்கி நிற்க மாட்டார்கள். படிவத்தைக் கொடுக்கும் முன் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிசி மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே மாவட்டக் கல்வி அலுவலரிடம் புகார், தேவைப்பட்டால் உயர் நீதிமன்றம் என்று வேறு வழியில் போக வேண்டும். எந்தப் பள்ளியானாலும் சரி, ‘டிசி வேண்டும்’ என்று நீங்களாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வாய்ப்பேச்சில் சூடாகி, அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் வருந்தும் பெற்றோர் நிறையப் பேர்.

இப்போது அந்த மழை நாளுக்கு வருவோம். என் பார்வையில் உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி இதுதான். எட்டு வயதுக் குழந்தையை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று பார்க்காமல் கேட்டுக்கு வெளியே விட்டது கவனக்குறைவு. வாட்ஸ்அப் செய்தி அனுப்பியது தகவல் தந்ததாகுமே தவிர, ஒப்படைத்ததாகாது. வேன் பள்ளியுடையது என்றால் அவர்கள் நிலை இன்னும் பலவீனம். நீங்களே பேசி ஏற்பாடு செய்த வேன் என்றால், பழியை அந்த ஓட்டுநர் பக்கம் தள்ளப் பார்ப்பார்கள். அப்போதும் வேன் வரும்வரை உள்ளே உட்கார வைத்திருக்க வேண்டியது பள்ளிதான்.

இதற்குப் போலீஸில் புகார் கொடுக்கலாமா? இளைஞர் நீதிச் சட்டம் (18 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பாதுகாப்புக்கான சட்டம்) 75-ஆம் பிரிவு, பொறுப்பில் உள்ள குழந்தையை வேண்டுமென்றே கைவிடுவதையோ புறக்கணிப்பதையோ குற்றமாக்குகிறது. ‘வேண்டுமென்றே’ என்பதை இந்தச் சம்பவத்தில் நிரூபிப்பது கடினம். நல்லவேளையாகக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போதைக்கு நான் அந்த வழியைச் சொல்ல மாட்டேன். நுகர்வோர் நீதிமன்றத்தையும் நம்பிப் போக வேண்டாம். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-இல் சொல்லியிருக்கிறது.

இதைவிடப் பலமான ஆயுதம் நீங்கள் எழுதும் ஒரு கடிதம். பள்ளி முதல்வருக்கு இப்படி எழுதுங்கள்: “என் மகளை என்னிடமோ, இத்துடன் போட்டோவும் கைப்பேசி எண்ணும் இணைத்துள்ள இருவரிடமோ, வேன் ஓட்டுநரிடமோ தவிர வேறு யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். நேரத்துக்கு முன் பள்ளி விடும் நாளில் எங்களில் ஒருவரிடம் தொலைபேசியில் பேசி உறுதிசெய்த பிறகே அனுப்பவும். அதுவரை பள்ளிக்குள் பாதுகாப்பாக வைத்திருக்கவும். வெள்ளம், தீ போன்ற நேரங்களில் குழந்தைகளை எங்கே கூட்டிச்செல்வீர்கள், நாங்கள் எங்கே வந்து பெற்றுக்கொள்வது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.” ஒரு நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு ‘எங்களுக்குத் தெரியாது’ என்று அவர்களால் சொல்ல முடியாது. கணவர் கையெழுத்து இல்லையே என்று யாராவது கேட்டால், தந்தை உடனிருந்து பார்த்துக்கொள்ளாத நிலையில் தாயே இயற்கைக் காப்பாளராக, அதாவது சட்டப்படி குழந்தைக்காக முடிவெடுப்பவராகச் செயல்படலாம் என்று 1999-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (கணவன் மனைவி பிரிந்து வாழும் குடும்பங்கள், குழந்தை யார் பொறுப்பில் என்ற நீதிமன்ற உத்தரவின் நகலையும் பள்ளியில் கொடுத்து வைக்க வேண்டும்.)

தீயணைப்புச் சான்று ஒன்றும் ‘அலுவலக விஷயம்’ இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரே பள்ளியில் 94 குழந்தைகள் எரிந்துபோனார்கள். அதையொட்டித் தொடரப்பட்ட வழக்கில், பாதுகாப்பான பள்ளி என்பது கல்வி உரிமையின் பகுதி என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீயணைப்புக் கருவிகள் வேண்டும், ஆசிரியர்களுக்கு அவற்றைக் கையாளப் பயிற்சி வேண்டும் என்றெல்லாம் அதில் உத்தரவு இருக்கிறது. பள்ளி காட்ட மறுத்தால் கெஞ்ச வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். தடையின்மைச் சான்றைத் தீயணைப்புத் துறையிடமும், கட்டட உரிமத்தைத் தாசில்தார் அலுவலகத்திலும், பள்ளி அங்கீகார உத்தரவைக் கல்வித் துறையிடமும் கேளுங்கள். தனியார் பள்ளி நேரடியாக இந்தச் சட்டத்தில் வராவிட்டாலும், அரசு அலுவலகத்தில் உள்ள அதன் ஆவணங்கள் வரும். 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் கிடைத்ததும் முதலில் காலாவதி தேதியைப் பாருங்கள். அங்கேதான் பெரும்பாலும் சிக்கும்.

சான்று இல்லை, அல்லது கடிதத்துக்குப் பதிலே இல்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கும், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் என்ற முறையில் கலெக்டருக்கும், மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் நகல்களோடு புகார் அனுப்புங்கள். இன்னும் நான்கு பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டால் உங்கள் மகளைத் தனியாகக் குறிவைப்பது அவர்களுக்குக் கடினம்.

இதில் ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அவசரம். சம்பவ நாளின் கேட் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி பள்ளிக்கு இன்றே எழுத்தில் கேளுங்கள். பழைய பதிவுகள் தானாகவே அழிந்துகொண்டிருக்கும். வாட்ஸ்அப் செய்தி வந்த நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள். மற்றவற்றை இந்த வாரத்துக்குள் செய்தால் போதும்.